செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா: பிள்ளையின் தலைக்கும் தோலுக்கும் எதைத் தடவுவது?

நொய்யல்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் இருக்கிறேன். மகளுக்கு 9 வயது. முடி இடுப்பு வரை இருக்கிறது, ஆனால் நுனியெல்லாம் வெடித்து, சீப்பு போட்டால் அறுந்து அறுந்து வருகிறது. எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான், வாளியில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்பக்கமும் அவளுக்குத் தோல் வறண்டு கிடக்கும். மார்கழி வந்தால் சொறிந்து சொறிந்து புண்ணாகிவிடும்.

இதுவரை தலைக்குக் கடையில் விற்கும் பாட்டில் தேங்காய் எண்ணெய், கை காலுக்குச் சமையலுக்கு வாங்கும் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் என்று தடவிவந்தேன். அதை மாமியார் பார்த்துவிட்டார். "பச்சப்புள்ள மேல இந்தக் கெமிக்கலையா தேய்க்கிற" என்று ரொம்பவும் வருத்தப்பட்டார். அவர் சொன்னதைக் கேட்டு, மரச்செக்கு என்று போர்டு போட்ட ஒரு கடையில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 520 ரூபாய்க்கும் நல்லெண்ணெய் 440 ரூபாய்க்கும் வாங்கி வந்தேன்.

ஆறு வாரம் ஆகிறது. முடி முன்பைவிடக் கொஞ்சம் மிருதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் நெற்றியில் பொடிப் பொடியாக ஏதோ வந்திருக்கிறது. பத்துப் பதினைந்து நாளாக முழங்கை மடிப்பில் தேங்காய் எண்ணெயைத் தடவினால் "எரியுதும்மா" என்று என் கையைத் தட்டிவிடுகிறாள். ரீஃபைண்ட் தடவியபோது ஒரு நாளும் எரியவில்லை. செக்கு எண்ணெய்தானே நல்லது என்கிறார்கள்? நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று புரியவில்லை.

மண்வாசம் எழுதியது:

சகோதரி, செக்கு எண்ணெயை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதுதான். ரீஃபைண்ட் எண்ணெயை எத்தனை டிகிரியில் கொதிக்க வைக்கிறார்கள், என்னென்ன சேர்க்கிறார்கள் என்று தெரிந்தால் அதைத் தொடவே மாட்டீர்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் எரியத்தான் செய்யும், போகப் போகப் பழகிவிடும். நல்லெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சித் தேய்த்து, சனிக்கிழமை அரப்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள்.

கொப்பரைக்களம் எழுதியது:

தங்கச்சி, எரிச்சலைப் பழக்க வேண்டாம். அந்த எண்ணெயை மடிப்பில் தடவுவதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மண்வாசம் தம்பி நல்ல எண்ணத்தில் சொல்கிறார், ஆனால் பிள்ளை எரிகிறது என்று சொன்னால் அங்கே ஏதோ சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் யார் என்று சொல்லிவிட்டால் மீதியை நம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். என் அப்பா வெள்ளகோவில் பக்கம் மாடு கட்டி ஓட்டும் கல்செக்கு வைத்திருந்தார். நான் வேதியியல் படித்துவிட்டு ஒரு சுத்திகரிப்பு ஆலையின் லேபில் 7 வருடம் வேலை பார்த்தேன். 2012-ல் அதை விட்டு வந்து, வீட்டுக்காரரும் நானும் மோட்டாரில் ஓடும் வாகைமரச் செக்கு இரண்டு போட்டோம். இன்றைக்கும் அதுதான் பிழைப்பு. செக்கு எண்ணெய் விற்றுத்தான் சாப்பிடுகிறேன். அதனால்தான் அதைப் பற்றித் தப்பாக ஒன்றைப் பரப்பினால் மனது கேட்பதில்லை.

முதலில் ஆலையில் நடப்பதைச் சொல்கிறேன். சூரியகாந்தி எண்ணெய் உள்ளே வரும்போது கலங்கலாக இருக்கும். அதிலிருந்து பசையைப் பிரிப்பார்கள். அப்புறம் காஸ்டிக் சோடா கரைசல் விட்டு, எண்ணெயில் தனியாகத் திரியும் கொழுப்பு அமிலத்தைச் சோப்பாக்கி வெளியே எடுப்பார்கள். தண்ணீரில் கழுவி உலர்த்தி, 100 டிகிரி பக்கம் சூடாக்கி ஒரு வகைக் களிமண்ணோடு கலக்கி நிறத்தை எடுப்பார்கள். கடைசியில் வெற்றிடத்தில் 220 முதல் 250 டிகிரி சூட்டில் நீராவியை விட்டு வாசனையை ஓட்டுவார்கள். அந்த ஆவியோடு வைட்டமின் ஈ ஒரு பங்கும் போய்விடும். ஆவியைக் குளிரவைத்துப் பிடித்த கசடிலிருந்து வைட்டமின் ஈ பிரித்து விற்பதே ஒரு தனித் தொழில். அதற்காக எண்ணெயில் ஒன்றுமே மிஞ்சாது என்று நினைக்க வேண்டாம். சூரியகாந்தியில் பாதிக்கு மேல் மிஞ்சும். எண்ணெயின் உடம்பு என்று சொல்லத்தக்க கொழுப்பு அமிலங்களின் விகிதம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். போவது வாசனை, நிறம், பசை, வைட்டமினில் ஒரு பங்கு, கூடவே அழுக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 319 என்ற எண் இருந்தால் கெடாமல் இருக்கச் சேர்த்த பொருள், 900 என்றால் நுரை அடங்கச் சேர்த்தது. இரண்டும் உணவுக்கு அனுமதித்த அளவில் சேர்ப்பவைதான், தடவுவதற்கு அவற்றால் ஒரு நன்மையும் இல்லை.

செக்கில் நடப்பது வேறு. 15 கிலோ எள்ளைக் கொட்டி உலக்கையை விட்டால் முதலில் சரசரவென்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி மாவாகும், தண்ணீர் தெளித்துக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும் மாவு ஒன்றோடொன்று ஒட்டி உருளும். அப்புறம் உலக்கையைச் சுற்றி ஓரமாகக் கறுப்பாக ஒரு கோடு மினுங்கும். எண்ணெய் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். உலக்கை மெதுவாகச் சுற்றுவதால் சூடு கை பொறுக்கும் அளவைத் தாண்டாது. 15 கிலோவுக்கு 6 லிட்டர் வந்தால் நல்ல எள். எடுத்த எண்ணெயை இரண்டு மூன்று நாள் வைத்துத் தெளிய விடுவோம், மண்டி அடியில் தங்கிவிடும். வேறு எதையும் நாங்கள் எடுப்பதும் இல்லை, சேர்ப்பதும் இல்லை.

இதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. எதையும் எடுப்பதில்லை என்றால் கெட்டதையும் எடுப்பதில்லை. எள்ளில், கொப்பரையில் என்ன இருந்ததோ அது அப்படியே எண்ணெயில் வரும்.

லேபில் என் வேலை அமில எண் பார்ப்பது, அதாவது எண்ணெயில் தனியாகத் திரியும் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று அளப்பது. கூம்புக் குடுவையில் எண்ணெயும் ஸ்பிரிட்டும் ஊற்றி, நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, மேலிருந்து காரத்தை, அதாவது காஸ்டிக் சோடா மாதிரியான கரைசலை, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ரோஸ் நிறம் எப்போது நிலைத்து நிற்கிறதோ அதுவரை இறங்கிய காரத்தை வைத்துக் கணக்கு. ரீஃபைண்டுக்கு முதல் சில சொட்டிலேயே ரோஸ் நிற்கும். சரியாக உலராத கொப்பரை எண்ணெய்க்கு விட விட ரோஸ் வந்து வந்து மறையும், குழாயில் காரம் இறங்கிக்கொண்டே போகும். சட்டப்படியே ரீஃபைண்டுக்கு அமில எண் ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும், சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய்க்கு அதைவிடப் பல மடங்கு போகலாம். அந்த அமிலம் வெடித்த தோலில் பட்டால் எரியும். உங்கள் மகள் சொல்வது அதுதான் என்று நினைக்கிறேன்.

கொப்பரையில் ஈரம் ஆறு சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சை ஏறத் தொடங்கும். மழைக்காலத்தில் களத்தில் காய வைத்த தேங்காய்ப் பருப்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் பொடி ஒட்டியிருக்கும். அதில் நச்சும் இருக்கலாம். பூஞ்சை வராமல், பருப்பு வெள்ளையாகத் தெரிய, கந்தகப் புகை போடுகிறவர்களும் உண்டு. பூஞ்சை பிடித்த சரக்கு சுத்திகரிப்பு ஆலைக்குப் போனால் காரமும் களிமண்ணும் அந்த நச்சைப் பெரும்பாலும் எடுத்துவிடும். செக்குக்கு வந்தால் நேராக உங்கள் பாட்டிலுக்கு வந்துவிடும். கெட்ட கொப்பரையில் ஆட்டிய செக்கு எண்ணெயைவிட ரீஃபைண்ட் எண்ணெய் பிள்ளையின் தோலுக்கு எவ்வளவோ மேல். செக்கு வைத்திருக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் முன்பு தலைக்கு வைத்த பாட்டில் தேங்காய் எண்ணெய் அநேகமாக ரீஃபைண்ட் இல்லை. தேங்காய் வாசனை அடித்ததா? அப்படியானால் அது எக்ஸ்பெல்லர் மெஷினில் சூட்டோடு பிழிந்து வடிகட்டியது. வாசனையே இல்லாமல் தண்ணீர் போல இருந்தால்தான் ரீஃபைண்ட். வாசனைத் தைலம் என்று விற்கும் பல எண்ணெய்களில் முதல் பெயரே லைட் லிக்விட் பாரஃபின் என்று இருக்கும். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, விதை எண்ணெயே இல்லை. தோலுக்கு அது கெடுதல் என்று சொல்லமாட்டேன், ஆனால் தேங்காய் எண்ணெய் முடிக்குச் செய்வதை அது செய்யாது.

முடியைப் பொறுத்தவரை செக்கா ரீஃபைண்டா என்பதைவிட எந்த எண்ணெய் என்பதுதான் பெரிது. மும்பையில் மாரிக்கோ நிறுவன ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த ரெலே, மோகிலே இருவரும் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் (மேலே சொன்ன பாரஃபின் வகை) மூன்றையும் முடியில் தடவிப் பார்த்ததில், முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு என்பதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் காரணம் பொருத்தமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பாதிக்கு நெருக்கமாக லாரிக் அமிலம். சின்ன, நேரான மூலக்கூறு, முடிக்குள் நுழைந்துவிடும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் பெரும்பாலும் முடியின் மேலே போர்த்திக்கொண்டு நிற்பவை. சுத்திகரித்தாலும் லாரிக் அமிலம் எங்கும் போவதில்லை. எனவே நுனி வெடிப்புக்கு நீங்கள் வைத்த பழைய பாட்டில் எண்ணெயே போதும், 520 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. வாசனைக்காகவும் மனத் திருப்திக்காகவும் கொடுத்தால் அது வேறு.

வைக்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும், நுனிக்குக் கூடுதலாக. உச்சந்தலையில் ஊற்ற வேண்டாம். அந்த உப்புத் தண்ணீரில் முடி சிக்காகும். கடைசியாக அலச மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள்.

இப்போது எனக்கு ஒன்று செய்து சொல்லுங்கள். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, இரண்டு கையையும் சூடு ஏறத் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோங்கள். பச்சைத் தேங்காய் வாசனையா, பழைய பலகாரப் பாத்திரத்தின் வாசனையா? எண்ணெயை எதில் ஊற்றி, எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நொய்யல்கரை எழுதியது:

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. உடனே போய்ப் பார்த்தேன். சிக்கு வாடை அடிக்கிறது, தீபாவளி முடிந்து கழுவாமல் விட்ட முறுக்கு டப்பா மாதிரி. வாங்கிய பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை முகர்ந்தால் தேங்காய் வாசனைதான், லேசாகத்தான் மாறியிருக்கிறது.

வாங்கி வந்த அன்றே மாமியார் தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளைத் தூக்கை எடுத்துக் கொடுத்தார். "பிளாஸ்டிக்கில வேண்டாம், இதுல ஊத்தி வை" என்றார். அதில் ஊற்றிக் குளியலறை ஜன்னலில் வைத்தேன். காலையில் வெயில் நேராக அதன்மேல் விழும், எண்ணெய் உறையாமல் இருக்குமே என்று அங்கே வைத்தேன். தூக்கின் உள்பக்கம் எண்ணெய் நிற்கும் மட்டத்தில் பச்சையாக ஒரு வளையம் கட்டியிருக்கிறது. இன்றைக்குத்தான் கவனித்தேன்.

கொப்பரைக்களம் எழுதியது:

அந்தப் பச்சை வளையம்தான் பதில், தங்கச்சி. பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பும் எண்ணெயில் உள்ள அமிலமும் சேர்ந்தால் அந்தப் பச்சை வரும். செம்பு எண்ணெயை வேகமாகக் காறவைக்கும், அதோடு வெயிலும் குளியலறை ஈரமும் சேர்ந்தால் எந்த நல்ல எண்ணெயும் தாங்காது. கடைக்காரர் மேல் பெரிய தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் பித்தளையில் வெள்ளீயம் பூசித்தான் புழங்குவார்கள். பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் எண்ணெயும் புளியும் வைக்கக் கூடாது.

சில்வர் டப்பாவிலோ நிறம் போட்ட கண்ணாடிப் பாட்டிலிலோ, அலமாரிக்குள் வையுங்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், உறைவது கெடுவது ஆகாது. பாட்டிலை வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் இளகிவிடும். செக்கு எண்ணெய் வாங்கினால் அரை லிட்டருக்கு மேல் வாங்காதீர்கள். சுத்திகரிக்காத சூரியகாந்தி எண்ணெய் என்றால் இன்னும் சீக்கிரம் கெடும். நல்லெண்ணெய் தாங்கும், எள்ளுக்கே உரிய காப்புச் சத்துகள் அதில் இருக்கின்றன.

ஆஸ்பத்திரிப்பிள்ளை எழுதியது:

மதுரையில் தோல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கொப்பரைக்களம் அம்மா எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் தோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், குளிரில் கூடுவது, இதெல்லாம் சேர்ந்தால் கரப்பானாக (எக்ஸிமா) இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு தடவை தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புண்ணாகி நீர் கசியும் இடத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம்.

நீங்கள் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் தடவியதற்காக உங்களை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. டாக்காவில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தடவிய குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று குறைந்தது. சூரியகாந்தியில் லினோலிக் அமிலம் அதிகம், தோலின் மேல்சுவர் கட்டுவதற்கு அது தேவை. ஆலிவ் எண்ணெய்தான் உயர்ந்தது என்று நிறைய வீடுகளில் விலை கொடுத்து வாங்குகிறார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கும். அதில் ஒலியிக் அமிலம் அதிகம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் செய்து 2013-ல் வந்த ஆய்வில், பெரியவர்கள் சில வாரம் ஆலிவ் எண்ணெய் தடவியபோது தோலின் காப்புச் சுவர் பலவீனமானது, சூரியகாந்தி எண்ணெயில் அப்படி ஆகவில்லை. கரப்பான் வரும் தோலுக்கு ஆலிவ் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் கெடுதல் என்றும் இல்லை. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு வர்ஜின் (பச்சைத் தேங்காயிலிருந்து எடுத்த) தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டார்கள், 2014-ல் வந்தது. தேங்காய் எண்ணெய்தான் நன்றாக வேலை செய்தது. ஆனால் அது புதிய எண்ணெய், காறியது இல்லை.

நெற்றியில் வந்த பொடி, தலை எண்ணெய் வழிவதால் வருவது. துவாரம் அடைபடும். இரவு எண்ணெய் வைத்துப் படுக்கவைத்தால் தலையணை வழியாகக் கன்னத்துக்கும் வரும். உச்சியில் செதில் செதிலாகப் பொடுகு இருந்தால் எண்ணெயை அங்கே அறவே நிறுத்துங்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வளர்கிறது, செக்கா ரீஃபைண்டா என்று அது பார்ப்பதில்லை.

வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை, எள் ஒவ்வாமை உண்டா? சுத்திகரிக்காத எண்ணெயில் விதையின் புரதம் துளி துளியாகத் தங்கியிருக்கும். வெடித்த தோலில் அதைப் போட வேண்டாம்.

குளித்து, ஒற்றி எடுத்து, உடம்பில் ஈரம் இருக்கும்போதே தடவுங்கள். காய்ந்தபின் தடவினால் பலன் குறையும்.

மண்வாசம் எழுதியது:

எரிச்சல் பழகிவிடும் என்று நான் எழுதியது தப்பு, சகோதரி, மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் செம்புச் சொம்பில்தான் எண்ணெய் இருக்கிறது, இன்றைக்கு மாற்றிவிடுகிறேன். அக்கா, கொப்பரை நல்லதா என்று வாங்குகிறவர்கள் எப்படிப் பார்ப்பது?

கொப்பரைக்களம் எழுதியது:

தம்பி, இரண்டு விரலால் பிடித்து ஒடியுங்கள். காய்ந்த பருப்பு டக்கென்று ஒடியும், ஈரமானது ரப்பர் மாதிரி வளையும். ஒடித்த இடம் வெளிர் நிறமாக, எண்ணெய் மினுங்கலோடு இருக்க வேண்டும். மேல்தோல் பழுப்பாக இருப்பது இயல்பு, உள்ளே பச்சை, மஞ்சள், கறுப்புப் புள்ளி இருந்தால் அந்த மூட்டையையே வேண்டாம் என்று சொல்லுங்கள். பளீரென்று சுண்ணாம்பு வெள்ளையாக இருந்து, மூக்கருகில் தீக்குச்சி உரசிய வாசனை வந்தால் அது கந்தகம். ஒன்றரை முதல் இரண்டு கிலோ பருப்பில் ஒரு லிட்டர் வரும், கொப்பரை விலையோடு ஒப்பிட்டால் லிட்டர் விலை நியாயமா என்று தெரிந்துவிடும். அந்தப் பருப்பின் விலையைவிடக் குறைவாக ஒரு லிட்டர் செக்கு எண்ணெய் என்று யாராவது விற்றால் அதை எரிக்கத்தான் வாங்கலாம்.

நொய்யல்கரை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் கரப்பான் என்றுதான் சொன்னார். களிம்பு கொடுத்திருக்கிறார், அது முடிந்தபின் குளித்த ஈரத்தோடு சூரியகாந்தி எண்ணெய் தடவச் சம்மதித்தார். மடிப்பில் தோல் மூடிவிட்டது. நெற்றிப் பொடி எண்ணெயை உச்சியில் வைக்காமல் விட்ட பதினைந்து நாளில் அடங்கியது. வெடித்த நுனியை மூன்று விரல்கடை வெட்டிவிட்டேன், பழைய பாட்டில் எண்ணெய்தான் இப்போது முடிக்கு.

மாமியாரிடம் பித்தளைத் தூக்கைக் காட்டியபோது அந்தப் பச்சை வளையத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைக் கூட்டிக்கொண்டு காங்கேயம் போய், ஒவ்வொரு பருப்பாக ஒடித்துப் பார்த்து ஒரு கிலோ வாங்கினார். பக்கத்துச் செக்கில் ஓர் ஆட்டத்துக்கு 15 கிலோ வேண்டுமாம். இப்போது எங்கள் தெருவில் பங்கு சேர ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். காறிய எண்ணெய் முழுவதும் விளக்குக்குப் போகிறது.